ஸ்கோர்க் கொப்பியோடு ஆறு நாள்

முதல் நாள் – ஹாரோ

நான் கிரிக்கெட் ஆடியவன் அல்ல. தடித்த மூக்குக்கண்ணாடி போட்டவனுக்குக் கல்லூரி அணியில் என்ன இடம்? கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று சொல்லி, ஸ்கோர்க் கொப்பியையும் இரண்டு பென்சிலையும் தந்து வாங்கில் உட்கார்த்திவிட்டார்கள். யாழ்ப்பாணத்து மார்ச் வெயிலில் நான்கு வருடம் அந்த வாங்கில் இருந்தேன். ஒரு பந்து கொப்பியில் ஏறினால்தான் அது வீசப்பட்டதாக எனக்குக் கணக்கு.

ஓய்வுபெற்று லண்டனில் மகளிடம் வந்தபோது, "எங்கே போக விருப்பம் அப்பா?" என்று கேட்டாள். கோபுரமோ மெழுகுச் சிலையோ வாயில் வரவில்லை. ஆங்கிலக் கதைகளில் பள்ளிப் பையன்கள் கிரிக்கெட் ஆடிய இடங்களைப் பார்க்கவேண்டும் என்றேன். சிரித்தாள். ஆனால் இரவுக்குள் ஆறு நாளுக்கு அட்டவணை போட்டு, ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டாள்.

முதல் இடத்துக்கு ரயில் தேவைப்படவில்லை. மகளின் வீடு ஹாரோவில்தான். குன்றின் அடியில் நம்மவர் கடைகளில் முருங்கைக்காயும் ஒடியல் மாவும் கிடைக்கின்றன. மூச்சு வாங்க ஏறினால் உச்சியில் ஹாரோ பள்ளி. 1572இல் முதலாம் எலிசபெத் அளித்த பட்டயத்தோடு தொடங்கியது. பையன்கள் தட்டையான வைக்கோல் தொப்பி போட்டு நடக்கிறார்கள். காற்றில் பறக்காமல் இருக்கப் பின்னந்தலையில் இலாஸ்டிக் மாட்டியிருக்கிறார்கள். இந்தத் தொப்பியைப் படத்தில் பார்த்தபோது இலாஸ்டிக் தெரிந்ததில்லை.

1615இல் கட்டிய பழைய வகுப்பறை ஒன்றைச் சுற்றிக்காட்டினார்கள். சுவர்ப் பலகை முழுவதும் கத்தியால் வெட்டிய பெயர்கள். எங்கள் மேசைகளில் கவராயத்தின் கூரால் கீறியதுபோல மேலோட்டமாக இல்லை. விரல்நுனி உள்ளே போகும் ஆழம். அந்தக் கூட்டத்தில் கவிஞர் பைரனின் பெயரும் இருக்கிறது. அடி வாங்கும் குற்றம் நூறு ஆண்டு கழிந்தால் பாரம்பரியம் ஆகிவிடுகிறது. வெட்டியவன் கவிஞனாகவோ பிரதமராகவோ வந்துவிடவேண்டும், அவ்வளவுதான்.

ஹாரோவை வைத்து 1905இல் ஹொரேஸ் வாச்செல் எழுதிய 'தி ஹில்' என்ற நாவல் அந்தக் காலத்தில் பெயர்பெற்றது. நட்பு, பொறாமை, லார்ட்ஸ் மைதானத்தில் ஈட்டன் பள்ளிக்கு எதிரான ஆட்டம், கடைசியில் தென்னாப்பிரிக்கப் போரில் ஓர் அழகான இளைஞனின் சாவு. மைதானத்திலிருந்து போர்க்களத்துக்கு நேர்வழி போட்ட கதை. எனக்கு அது பாகு அதிகமான பலகாரம். பாதிக்கு மேல் இறங்கவில்லை. அதே 1905இல்தான் ஜவஹர்லால் நேரு என்ற பதினைந்து வயதுப் பையன் இந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். நாவலாசிரியர் எதிர்பார்த்த வகை ஹாரோ மாணவர் அல்லர்.

இரண்டாம் நாள் – லார்ட்ஸ்

வழிகாட்டி எங்களை நீண்ட அறை, உடைமாற்றும் அறை என்று அழைத்துப் போனார். அருங்காட்சியகத்தில் எல்லோரும் ஆஷஸ் சாம்பல் கிண்ணத்தை மொய்த்தார்கள். நான் சிட்டுக்குருவியிடம் போனேன். 1936இல் ஜஹாங்கீர் கான் வீசிய பந்து பட்டு இறந்த குருவி. பாடம் செய்து அந்தப் பந்தோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பந்தை அன்றைய ஸ்கோரர், ஓட்டம் இல்லை என்று ஒரு புள்ளியாகத்தான் எழுதியிருப்பார். குருவிக்குக் கொப்பியில் கட்டம் இல்லை.

ஈட்டனும் ஹாரோவும் மோதிய 1805ஆம் ஆண்டு ஆட்டம் இந்த இடத்தில் நடக்கவில்லை. தாமஸ் லார்ட் அப்போது வைத்திருந்த மைதானம் வேறு. இங்கே வந்தது 1814இல். அந்த ஆட்டத்தில் ஹாரோ அணியில் பைரன் இருந்தார். கால் ஊனம் என்பதால் அவருக்காக இன்னொருவர் ஓடினார். ஹாரோ இன்னிங்ஸ் தோல்வி கண்டது. இரண்டு நாள் கழித்து நண்பனுக்குக் கடிதம் எழுதிய பைரன், முதல் இன்னிங்ஸில் 11, இரண்டாவதில் 7 எடுத்தேன், எங்கள் அணியில் இரண்டு பேரைத் தவிர யாரும் இவ்வளவு எடுக்கவில்லை என்று பெருமைப்படுகிறார். அச்சில் இருக்கும் ஸ்கோர்ப்படி அவர் எடுத்தது 7, பிறகு 2.

ஒன்பதைப் பதினெட்டு ஆக்கியிருக்கிறார். சரியாக இரட்டிப்பு.

பெரிய கவிஞர், ஒன்பது ஓட்டத்துக்குப் பொய் சொல்லியிருக்கிறாரே என்று மகளிடம் சொன்னேன். "உங்களுக்குத் தெரிந்து வேறு யாரும் சொன்னதில்லையா?" என்று கேட்டாள். 48 என்ற எண் ஞாபகம் வந்தது. அதைப் பற்றி இன்று எழுதப்போவதில்லை.

1825 ஜூலையில் ஹாரோவும் வின்செஸ்டரும் ஆடி முடித்த இரவு இங்கிருந்த பழைய பெவிலியன் தீப்பற்றி எரிந்தது. அதுவரை சேர்த்து வைத்திருந்த ஆவணங்கள் அத்தனையும் போயின. ஏடுகள் எரிவதைப் பற்றி யாழ்ப்பாணத்தானுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. பேசாமல் அடுத்த கண்ணாடிப் பேழைக்கு நகர்ந்தேன்.

ஹோர்னங் 1890களின் கடைசியில் படைத்த ராஃபிள்ஸை இங்கே நினைக்காமல் இருக்கமுடியாது. பகலில் நாடறிந்த சுழல்பந்து வீச்சாளன், இரவில் நகைத் திருடன். பெரிய மாளிகைகளுக்கு விருந்தாளியாகப் போக கிரிக்கெட்தான் அவனுக்கு அனுமதிச் சீட்டு. அவன் 'கனவான்'. சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் 'ஆட்டக்காரர்கள்'. கனவான்கள் ஒரு பக்கமும் ஆட்டக்காரர்கள் மறுபக்கமுமாக நின்று ஆடும் போட்டி 1962வரை நடந்தது. ஸ்கோர் அட்டையில்கூடச் சாதி பார்த்தார்கள்: கனவானுக்குத் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால், கூலிக்கு ஆடுகிறவனுக்குப் பின்னால். ஒருமுறை இதே மைதானத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம்: அட்டையில் ஒரு திருத்தம், 'எஃப். ஜே. டிட்மஸ்' என்பதை 'டிட்மஸ், எஃப். ஜே.' என்று வாசிக்கவும். திருடினாலும் ராஃபிள்ஸின் தலைப்பெழுத்து முன்னால்தான் நிற்கும்.

மூன்றாம் நாள் – மழை

கென்ட் மாவட்டத்துக்குப் போவதாக அட்டவணை. விடியமுன்னரே மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் இருந்தேன். மருமகன் அலுமாரியைக் கிளறி ஒரு பழைய பத்து பவுண் தாளை எடுத்துவந்தார். 1992இல் வெளிவந்து 2003இல் செல்லாமல் போனது. பின்பக்கம் சார்ல்ஸ் டிக்கன்ஸ் முகம். பக்கத்தில் ஒரு கிராமத்துக் கிரிக்கெட் ஆட்டம். 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் டிங்லி டெல் கிராமமும் மக்கிள்டன் ஊரும் ஆடும் காட்சி. ஒரு நாடு கதையில் வந்த ஆட்டத்தைப் பணத்தாளில் அச்சடித்ததை நினைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் விக்கெட் காப்பாளரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

டிக்கன்ஸுக்கு ஆட்டத்தின் நெளிவுசுளிவு பிடிபட்டிருந்ததாகத் தெரியவில்லை. மக்கிள்டன் ஐம்பத்துநான்கு எடுத்தபோது எதிரணியின் கணக்கு அவர்கள் முகத்தைப் போலவே வெறுமையாக இருந்தது என்கிறார். எதிரணி இன்னும் துடுப்பே பிடிக்கவில்லையே ஐயா, வெறுமையாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? ஆனால் அந்த அத்தியாயத்தின் உயிர் ஜிங்கிள் என்ற புளுகன். மேற்கிந்தியத் தீவுகளில் கொளுத்தும் வெயிலில் தனி ஆளாக நின்று 570 ஓட்டம் எடுத்தேன் என்று அளக்கிறான். அவனுக்குப் பந்து வீசி வீசியே குவாங்கோ சாம்பா என்ற கறுப்பு வேலையாள் செத்துப்போனானாம். கேட்டவர்கள் வாய்பிளந்தது 570க்கு. செத்தவன் எத்தனை ஓவர் போட்டான் என்று ஒருவரும் கேட்கவில்லை. டிக்கன்ஸ் அதைத் தெரிந்துதான் எழுதினார் என்று நம்ப விரும்புகிறேன்.

மாலையில் பருப்புவடை. மழை விடவில்லை.

நான்காம் நாள் – ரக்பி

யூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணிநேரம்கூட இல்லை. இந்தப் பயணமே இந்த ஊருக்காகத்தான்.

தாமஸ் ஹியூஸ் எழுதிய 'டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்' 1857இல் வெளிவந்தது. அதன் சுருக்கப் பதிப்பைப் பதின்மூன்று வயதில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எடுத்தேன். பச்சை அட்டை, முதுகில் வெள்ளை மையில் எண். இரண்டு முறை நீட்டித்து, மூன்றாம் முறை தண்டம் கட்டினேன். 1981 ஜூனில் நூலகம் எரிந்தபோது அந்தப் பிரதியும் போயிருக்கும்.

பள்ளியின் பெரிய புல்வெளிக்கு 'குளோஸ்' என்று பெயர். அதைப் பார்த்ததும் ஏமாற்றம் என்று சொன்னால் பொய். சிறுவயதில் கற்பனை செய்ததைவிடப் பெரியது. அருகே வில்லியம் பட்டர்ஃபீல்ட் வடிவமைத்த சிற்றாலயம். சிவப்பும் வெளிர்நிறமுமாகச் செங்கல் வரிகள் ஓடுகின்றன. 1828 முதல் 1842வரை தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டை ஆலயத்துக்குள்தான் அடக்கம் செய்தார்கள். கதையின் கடைசியில், ஸ்கொட்லாந்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த டாம் ஆர்னால்டின் சாவுச் செய்தி கேட்டு ஓடிவந்து தனியாக மண்டியிடுவது அந்தக் கல்லறை அருகே. எங்கள் அதிபர் இறந்தபோது நாங்கள் வரிசையில் நின்று மல்லிகைப்பூப் போட்டது ஞாபகம் வந்தது. அவரிடம் அடி வாங்காத ஒருவரும் அந்த வரிசையில் இல்லை.

மதிலில் பதித்த கல் ஒன்றைச் சுற்றி எல்லோரும் படம் எடுத்தார்கள். 1823இல் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன் விதியைச் சட்டை செய்யாமல் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினான், அப்படித்தான் ரக்பி ஆட்டம் பிறந்தது என்கிறது கல். இதற்குச் சான்று மிகவும் மெலிது. 1895இல் பழைய மாணவர்கள் விசாரணை வைத்தபோது முதியவரான ஹியூஸையும் கேட்டார்கள். தான் சேர்ந்த 1834இல் பந்தோடு ஓடுவது முற்றாகத் தடைசெய்யப்படவில்லை. ஆனால் அப்படி ஓடிய ஒருவனை யாராவது கொன்றிருந்தால், மாணவர் நடுவர் குழு அதை நியாயமான கொலை என்றே தீர்த்திருக்கும் என்றார். கல்லைவிட எனக்கு இந்த வாக்குமூலம் பிடித்திருக்கிறது.

நாவலில் வரும் சம்பிரதாயங்களை இன்று படித்தால் நம் ஊர்ச் சொல் ஒன்றே போதும்: பகிடிவதை. புதுப் பையன் மேசைமேல் ஏறித் தனியாகப் பாடவேண்டும். பாட்டு தடைப்பட்டால் பெரிய குவளை நிறைய உப்புத் தண்ணீர் குடிக்கவேண்டும். சின்னவர்கள் மூத்தவர்களுக்கு ஏவல் செய்யவேண்டும். போர்வையில் போட்டுக் கூரைக்கு எறிவார்கள். ஃப்ளாஷ்மன் என்ற முரடன் டாமை நெருப்பருகே பிடித்து வாட்டும் பக்கத்தைப் பதின்மூன்று வயதில் நான் இரவில் படித்துவிட்டு விளக்கை அணைக்கவில்லை. இந்தப் பள்ளியில் படித்த லூயிஸ் கரோல், எதைக் கொடுத்தாலும் அந்த மூன்று ஆண்டுகளை மறுபடி வாழமாட்டேன் என்று பிற்காலத்தில் எழுதினார். நூறு வருடத்துக்கு மேல் கழிந்து இங்கே வந்த சல்மான் ருஷ்டியும் தாம் மகிழ்ச்சியாக இருந்ததாகச் சொல்லவில்லை. ஹியூஸின் புத்தகம்தான் விற்றது.

இனி ஆட்டம். நாவலின் கடைசிக்கு முந்திய அத்தியாயம். பத்தொன்பது வயது டாம் அணித் தலைவன். லண்டனிலிருந்து மேரில்போன் கழகம் வந்திருக்கிறது. வெள்ளைத் தொப்பியோடு துடுப்பில் சாய்ந்து நிற்கும் கிழவர் அய்ஸ்லபி கற்பனை ஆள் அல்ல. அந்தக் கழகத்தின் உண்மையான செயலாளர், சொந்தப் பெயரிலேயே கதைக்குள் வந்து நிற்கிறார். டாமும் நண்பன் ஆர்தரும் ஓர் இளம் ஆசிரியரும் புல்லில் இருந்து பேசுகிறார்கள். இது வெறும் விளையாட்டு அல்ல, ஒரு நிறுவனம் என்கிறான் டாம். ஆட்கொணர்வு மனுவும் ஜூரி விசாரணையும் பிரித்தானிய ஆண்களுக்கு எப்படியோ, பையன்களுக்குக் கிரிக்கெட் அப்படிப் பிறப்புரிமை என்கிறான் ஆர்தர்.

இவற்றில் கிரிக்கெட் எங்களுக்குத் தாராளமாக வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்தின் இரண்டு கல்லூரிகள் மோதும் 'வடக்கின் பெருஞ்சமர்' 1904இலேயே தொடங்கிவிட்டது. ஆட்கொணர்வு மனுவைப் பிடித்துக்கொண்டு எங்கள் தாய்மார் ஏறி இறங்கிய படிகளுக்கு ஸ்கோரர் கிடையாது.

ஆட்டம் எப்படி முடிகிறது தெரியுமா? டாமின் அணி நெருங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் ஓட்டம். கைவசம் விக்கெட் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து, லண்டன்காரர்களை ரயிலுக்கு ஏற்றிப்போகும் வண்டி மைதான ஓரம் வந்து நிற்கிறது. இன்னும் ஒரு ஓவர்தான் என்று டாமும் அய்ஸ்லபியும் முடிவுசெய்கிறார்கள். முதல் இன்னிங்ஸில் கூடுதலாக எடுத்த மேரில்போன் வென்றதாக அறிவிப்பு. கிரிக்கெட்டைப் பண்பாட்டுப் பாடமாக்கி உலகெங்கும் அனுப்பிய நாவலில் நாயகன் தோற்கிறான், அதுவும் ரயில் நேரத்தால். பச்சை அட்டைப் பிரதியில் இது எனக்குப் பெரிய துக்கம். இன்று அதே ஊர் ரயில் நிலையத்தில் 5.20 வண்டிக்காகக் காத்திருந்தபோது சிரிப்பு வந்தது.

ஐந்தாம் நாள் – டல்லிச்

எட்வர்ட் அலெய்ன் என்ற நாடக நடிகர் 1619இல் நிறுவிய பள்ளி. கூத்தாடி கட்டிய கல்லூரி என்றால் நம் ஊரில் பிள்ளையைச் சேர்ப்பார்களா தெரியவில்லை. 1894 முதல் 1900வரை இங்கே படித்த பி. ஜி. வுட்ஹவுஸ் கல்லூரி முதல் அணியின் வேகப்பந்து வீச்சாளர். செங்கல் கட்டடங்களுக்கு முன்னால் விரிந்த புல்வெளியில் சின்னப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வீதியோரம் நின்று இரண்டு ஓவர் பார்த்தேன். கைவிரல் தானாகக் காற்றில் புள்ளி வைத்தது.

வுட்ஹவுஸை எல்லோரும் ஜீவ்ஸ் என்ற கெட்டிக்கார வேலையாள் பாத்திரத்துக்காக வாசிக்கிறார்கள். ஜீவ்ஸின் பெயரே ஒரு கிரிக்கெட் வீரருடையது. 1913இல் செல்ட்டன்ஹாமில் ஆடிய பெர்சி ஜீவ்ஸை அவர் பார்த்திருந்தார்; பெயர் மனதில் நின்றுவிட்டது. அந்த வீரர் 1916இல் சொம் போர்க்களத்தில் இறந்தார். சமையலறைத் தட்டோடு சிரிக்கவைக்கும் பெயருக்குப் பின்னால் அப்படி ஒரு குழி.

நான் வந்தது அதற்கும் முந்திய வுட்ஹவுஸுக்காக. 1909இல் நூலான 'மைக்'. அறிவுரை இல்லாத பள்ளிக் கதை; ஹியூஸின் பிரசங்கத்துக்கு அரை நூற்றாண்டு கழித்து வந்த மாற்று மருந்து. மதிப்பெண் மோசம் என்று அப்பா மைக்கைப் பிடித்த பள்ளியிலிருந்து தூக்கி, பெயர் தெரியாத செட்லி பள்ளியில் போடுகிறார். கோபத்தில் இங்கே கிரிக்கெட் ஆடமாட்டேன் என்கிறான். தன் பெயருக்கு முன்னால் ஒலிக்காத 'பி' ஒன்றை ஒட்டவைத்துக்கொண்ட ஸ்மித் என்ற அலட்சியக்காரன் அவனுக்குக் கூட்டாளி. கடைசியில் இல்லங்களுக்கு இடையிலான போட்டி. எதிரே, அவர்களைப் படுத்தியெடுத்த ஆசிரியர் டவுனிங்கின் இல்லம். மைக் துடுப்பெடுத்து நிற்கிறான். நிற்கிறான். ஆட்டத்தை முடித்து எதிரணிக்கு வாய்ப்புக் கொடுப்பதுதானே மரியாதை? கொடுக்கவில்லை. வெயிலில் அவர்களை ஓடவிட்டே பழிதீர்க்கிறார்கள்.

முழு ஸ்கோர் அட்டையையே வுட்ஹவுஸ் பக்கத்தில் போடுகிறார். பார்ன்ஸ் 33, மைக் ஜாக்சன் ஆட்டமிழக்காமல் 277, ஸ்டோன் 124, உதிரி 37. மொத்தம் 471. கீழே ஒரே வரி: டவுனிங் இல்லம் துடுப்பெடுத்து ஆடவில்லை. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். முதல் வாசிப்பிலேயே நான் கூட்டினேன். டிக்கன்ஸிடம் கூட்டுவதற்கு எதுவும் இல்லை. மேதை யார் என்ற வாதத்தில் நான் இறங்கவில்லை. ஸ்கோரரின் வாக்கு வுட்ஹவுஸுக்கு.

ஆறாம் நாள் – பிரிஸ்டல்

கிளிஃப்டன் கல்லூரிக்கும் 'குளோஸ்' உண்டு. ஹென்றி நியூபோல்ட் தம் கவிதையில் மூச்சடக்கிய அமைதி என்று பாடியது இந்தப் புல்வெளியை: வெற்றிக்குப் பத்து ஓட்டம், கடைசித் துடுப்பாட்டக்காரன், கண்கூசும் வெளிச்சம்; அடுத்த பத்தியில் பாலைவனத்தில் இரத்தம். எங்கள் ஆங்கில ஆசிரியர் இதைச் சொல்லும்போது கண்கலங்குவார். எனக்கு அப்போதும் இப்போதும் ஒரே கேள்விதான்: அந்தப் பத்து ஓட்டத்தை எடுத்தார்களா இல்லையா? கவிஞர் சொல்லவில்லை.

பக்கத்திலேயே சரிவான இன்னொரு சின்ன மைதானம். 1899 ஜூனில் ஏ. இ. ஜே. காலின்ஸ் என்ற பதின்மூன்று வயதுப் பையன், இல்லப் போட்டி ஒன்றில், நான்கு பிற்பகல்களாக ஆடி 628 எடுத்தான். ஆட்டமிழக்கவில்லை. ஹசாரிபாக்கில் பிறந்தவன், பெற்றோர் இல்லாதவன். டிக்கன்ஸின் புளுகன் ஜிங்கிள் துணிந்ததே 570தான். நூறு ஆண்டுக்கு மேல் நின்ற அந்த எண்ணை 2016இல் மும்பைப் பள்ளி மாணவன் பிரணவ் தனவாடே 1009 எடுத்துத் தாண்டினார். காலின்ஸ் 1914 நவம்பரில் ஈப்ர போர்முனையில் இறந்தான்.

சுவரில் அவன் நினைவாகக் கல் இருக்கிறது. என்னை நிறுத்தியது கல் அல்ல. அந்தப் போட்டிக்குக் கொப்பி எழுதிய பையன் பிறகு சொன்னதாகச் சொல்லப்படுவது: 628, இருபது கூடலாம், இருபது குறையலாம்.

நேர்மையான ஸ்கோரர். எனக்கு அந்த நேர்மை இருக்கவில்லை. கட்டையன் என்று நாங்கள் கூப்பிட்ட என் நண்பன் 48இல் நின்றான். கடைசி ஓவர். பந்து காலுறையில் பட்டுப் பின்னால் ஓடியது; இரண்டு ஓடினார்கள். நடுவர் முழங்காலை உயர்த்தித் தட்டிக் காட்டினார்: உதிரி, துடுப்பாட்டக்காரன் கணக்கில் சேராது. எதிரணி ஸ்கோரர் சர்பத் குடிக்கப் போயிருந்தான். திரும்பி வந்து என் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொள்வான். நான் அந்த இரண்டையும் கட்டையன் பெயருக்கு நேரே எழுதினேன். மொத்தம் மாறவில்லை. யாருக்கும் நட்டம் இல்லை. பையன்கள் உள்ளே ஓடி அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

1995 இடப்பெயர்வில் அந்தக் கொப்பி தொலைந்துவிட்டது. கட்டையன் இப்போது டொரொண்டோவில். அந்த அரைச்சதத்தின் ஒவ்வொரு பந்தும் அவன் பேரப்பிள்ளைகளுக்கு மனப்பாடம். கடைசிப் பந்தை அவன் மட்டையின் நடுவால் தட்டிவிட்டதாகத்தான் அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

மதிலோரம் நின்று கல்லைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். அங்கே காலை, உடனே பதில் வந்தது. "என் ஐம்பதுக்கு எப்போது கல் நடப்போகிறீர்கள்?" இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினேன்.